வயிறெரியாத நாயகர்கள்

இளைஞன் ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையைத் தமிழ் நாவல்களில் தேடிப் போனால் ஆசை கிடைக்கும், காதல் கிடைக்கும், கலகமும் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து வயிறெரியும் நாயகன் மட்டும் அபூர்வம். இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

ஆசைக்கு க.நா.சு.வின் ‘பொய்த்தேவு’ (1946) போதும். சாத்தனூர் மேட்டுத் தெருவில் பிறந்த சோமு மளிகைக் கடை வைத்து, பணம் சேர்த்து, ஊர் மதிக்கும் சோமு முதலியாராகி, கடைசியில் எல்லாவற்றையும் உதறிப் பண்டாரமாகிறான். பருவத்துக்குப் பருவம் அவன் கும்பிடும் தெய்வம் மாறுகிறது. பணத்தாசை கொண்டவனைக் கெட்டவனாக்கியே பழகிய நம் கதை உலகில், க.நா.சு. அவனைக் கண்டிக்காமல் கூடவே நடந்துபோனது பெரிய துணிவு.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ (1964) ஆசையையும் காதலையும் ஒரே மனத்துக்குள் மோதவிடுகிறது. கும்பகோணத்துப் பாபுவுக்குச் சங்கீதம் வேண்டும்; தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவும் வேண்டும். ரங்கண்ணாவிடம் கற்ற வித்தை அவனைக் கச்சேரி மேடைக்கு அவசரப்படவிடாது. யமுனாமேல் கொண்ட தாபமோ அவனை வித்தையில் நிலைக்கவிடாது. பல வருஷங்கள் கழித்து அவள் இணங்கிய பிறகுதான் அவன் மறுபடி மாணவனாகி, குரலைப் பக்குவப்படுத்த மகாராஷ்டிரத்துக்குப் புறப்படுகிறான். இச்சை நிறைவேறினால் அழிவு என்று மிரட்டாமல், நிறைவேறிய பிறகே அடுத்த படி என்று சொன்ன நாவல் இது. அதனால்தான் இன்றும் படிக்கிறோம். ஆனால் பாபுவின் மனத்தில் பொறாமைக்கு அநேகமாக இடமே இல்லை. பாட்டே உயிர் என்றிருக்கும் இளைஞனுக்கு இன்னொருவனின் சாரீரம் ஓரிரவாவது உறுத்தியிருக்காதா?

அந்த உறுத்தலைத் தயங்காமல் எழுதியவர் ஆதவன். ‘என் பெயர் ராமசேஷ’னில் (1980) நாயகன் விடுதி அறைத்தோழன் ராவை அளந்துகொண்டே இருக்கிறான்; அவன் பேச்சு, அவன் வீட்டுப் பழக்கங்கள், அவன் தங்கை மாலா என எல்லாமே அந்த அளவையில் ஏறுகின்றன. காதலில் எவ்வளவு காதல், எவ்வளவு போட்டி என்று ராமசேஷனே தன்னைக் கேட்டுக்கொள்வதால் அவன் நம் பக்கத்து வீட்டுப் பையனைவிட உண்மையாக இருக்கிறான்.

கலகத்தை நாம் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே நடத்தியிருக்கிறோம். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) நாவலில், கணவன் தள்ளிவைத்த அக்காவுக்கு மறுமணம் செய்துவைக்க முனையும் திரவி தன் சாதிக்கட்டு முழுவதையும் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த நாயகர்களுக்கெல்லாம் வாசல் திறந்திருந்தது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) வரும் ராபியாவுக்கு வயது ஏற ஏற வாசல் ஒவ்வொன்றாக மூடப்படுகிறது. பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்வரலாறாகவே எழுதப்பட்டது. படித்து முன்னுக்கு வந்தால் மதிப்பார்கள் என்று அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு படிக்கிறாள் ஒரு தலித் சிறுமி. பின்னால் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறுகிறாள். ஆசை என்ற அதே உணர்ச்சி இங்கே மானத்தின் பெயரில் வருகிறது. சோமுவின் ஆசையையும் இதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் (2000) ஆடு மேய்க்கும் கூளையனும் பண்ணையார் மகன் செல்வனும் ஒன்றாக விளையாடுகிறார்கள். ஒருவன் வயிறு நிறைந்தவன்; மற்றவன் பண்ணையத்துக்கு விடப்பட்டவன். இங்கே பொறாமையைக் குணக்கேடு என்று எவரும் சொல்லிவிட முடியாது. ‘மோகமுள்’ளைப் பலமுறை படித்துக் கொண்டாடும் வாசகர்கள் அடுத்து இந்த நாவலைக் கையில் எடுக்க வேண்டும்.