வாத்தியார் அடித்ததால் வந்ததா வித்தை?

"அந்த அடிதான் என்னை ஆளாக்கியது" என்று மூத்த வித்வான்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொல்லும்போது குரல் தழுதழுக்கும், கை தானாகக் குவியும். அந்த நன்றியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நன்றியோடு ஒரு வாதமும் அதற்குள் ஒட்டிக்கொண்டு வருகிறது: அடி விழுந்தது, வித்தை வந்தது, ஆகவே அடியால்தான் வித்தை வந்தது. இந்த 'ஆகவே' சரிதானா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், நாளை இன்னொரு குழந்தையின் விரல்முட்டியில் விழும் பிரம்புக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வீடு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் மைஹர் என்ற சிற்றூரில், சமஸ்தான வித்வானாக இருந்த உஸ்தாத் அலாவுதீன் கானின் வீடு. 1972இல் மறைந்த அவர், இருபதாம் நூற்றாண்டு இந்துஸ்தானி இசையின் மிகப் பெரிய ஆசிரியர்களில் ஒருவர். 'பாபா' என்று எல்லோரும் அழைத்த அவருடைய இசைக்கு எவ்வளவு பெயரோ அவ்வளவு பெயர் அவருடைய கோபத்துக்கும். அடித்து வளர்த்தால் மேதை வருவான் என்று வாதிடுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் குரு அவர். அந்த வீட்டில் ஒரே குருவிடம், ஏறக்குறைய ஒரே காலத்தில் மூன்று பேர் கற்றார்கள். மூவருமே உச்சத்துக்குப் போனார்கள்.

முதலாமவர் மகன் அலி அக்பர் கான். சிறுவயதிலிருந்தே அப்பாவின் கைக்கு அகப்பட்டவர். பாபா அவரை மரத்தில் கட்டிவைத்து அடித்ததையும், சாப்பாட்டை நிறுத்தியதையும் ரவி சங்கர் எழுதியிருக்கிறார். ஒரு கட்டத்தில் அலி அக்பர் வீட்டை விட்டு ஓடியும் போனார். பிறகு சரோதில் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை.

இரண்டாமவர் ரவி சங்கர். 1938இல், பதினெட்டு வயதில், அண்ணன் உதய் சங்கரின் நடனக்குழுவையும் ஐரோப்பிய மேடைகளையும் விட்டுவிட்டு மைஹருக்கு வந்தவர். அவர்மேல் பாபாவின் கை ஒருநாளும் விழவில்லை. ஒரே ஒருமுறை, மணிக்கட்டில் பலமில்லை, போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்று பாபா சீறினார். அந்த ஒரு சொல் தாங்காமல் ரவி சங்கர் பெட்டியைக் கட்டிவிட்டார். அலி அக்பர்தான் தடுத்தார்: பாபா கை ஓங்காத ஒரே ஆள் நீதான், இதற்கா போகிறாய் என்று.

மூன்றாமவர் மகள் அன்னபூர்ணா தேவி. மூத்த மகளுக்குச் சங்கீதம் கற்றுக்கொடுத்ததால் புகுந்த வீட்டில் வந்த துன்பத்தைப் பார்த்த பாபா, இளையவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். அவர் வெளியே போயிருந்த ஒருநாள், அண்ணன் சாதகம் செய்யும்போது செய்த தப்பை இந்தச் சிறுமி திருத்திப் பாடிக்காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்ததும் நடுங்கிப்போனாள். பாபா அடிக்கவில்லை, அன்றிலிருந்து பாடம் தொடங்கினார். பின்னாளில் சுர்பஹார் வாத்தியத்தில் ஒப்பற்றவர் என்று போற்றப்பட்டவரின் தொடக்கம் இது. அண்ணனுக்காக நடந்த பாடங்களை, யாரும் வற்புறுத்தாமல், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதில் வாங்கியவர் அவர்.

மூன்று பேரை வைத்து ஒரு விதி செய்துவிட முடியாது. ரவி சங்கர் தானே தேடி வந்த வாலிபர், அலி அக்பர் தப்பிக்க வழியில்லாத சிறுவன், ஆகவே ஒப்பீடு சமமில்லை என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் அந்த மறுப்பை ஏற்றாலும் அடியின் கட்சி பலப்படவில்லை. அடி இல்லாமல் மேதைமை வராது என்பதுதான் கூற்று. அதைப் பொய்யாக்க ஒரு ரவி சங்கர் போதும். கற்க வேண்டும் என்ற வேட்கை இருக்கும் இடத்தில் அடிக்கு வேலையே இல்லை என்பதையும் அந்த மறுப்பே ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் மூவருக்கும் பொதுவாக இருந்தது எது? ஈவிரக்கமில்லாத சாதகம். 1947இல் அங்கே சேர்ந்த சித்தார் கலைஞர் நிகில் பானர்ஜி, விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை, சில இடைவேளைகளோடு, சாதகம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். தப்பான ஸ்வரத்தைக் காதில் விழுந்த கணமே பிடித்துவிடும் ஒரு குரு பக்கத்து அறையில் இருந்தார். இந்தக் கண்டிப்பு மூவருக்கும் கிடைத்தது. அடி மூவருக்கும் கிடைக்கவில்லை. விளைவு மூவரிடமும் இருக்கும்போது, மூவருக்கும் பொதுவாக இல்லாததைக் காரணமாகச் சொல்ல முடியாது.

சாதகத்தின் கணக்கை ஆராய்ச்சியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். 1990களில் பிரிட்டனில் ஜான் ஸ்லோபோடா, ஜேன் டேவிட்சன், மைக்கேல் ஹவ் உள்ளிட்டோர் 257 இளம் மாணவர்களை ஆராய்ந்தார்கள். ஒரு தேர்வு நிலையை எட்ட, கெட்டிக்காரப் பிள்ளைக்கும் சாதாரணப் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே அளவு மணிநேரப் பயிற்சிதான் தேவைப்பட்டது. குறுக்குவழி யாருக்கும் இல்லை. வேறுபாடு, யார் வாத்தியத்தைக் கீழே வைக்காமல் தொடர்ந்தார்கள் என்பதில் இருந்தது. தொடர்ந்து முன்னேறியவர்கள் தங்கள் முதல் ஆசிரியரை அன்பானவர், கலகலப்பாகப் பேசுபவர் என்று நினைவுகூர்ந்தார்கள். கறாரான ஆசிரியரை அவர்கள் மதித்தது வளர்ந்த பிறகு. ஆக, சங்கீதம் கற்பிக்கிறவர் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: இது பிள்ளையை நாளைக்கும் வாத்தியத்தை எடுக்க வைக்குமா?

அடியின் தரப்பிலும் வலுவான வாதம் ஒன்று உண்டு. நம் சங்கீதம் செவிவழிப் பாடாந்தரம். ஒரு சங்கதி தப்பாகப் படிந்துவிட்டால் அதை அழித்து எழுதுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். அதனால் தப்பை அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும். இதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அடி என்ன சொல்கிறது? "தப்பு" என்று மட்டும் சொல்கிறது. சுருதி இறங்கியதா, காலம் ஓடியதா, கமகம் அசைய வேண்டிய இடத்தில் நின்றுவிட்டதா என்று சொல்வதில்லை. அதைச் சொல்ல குரு மறுபடியும் பாடித்தான் காட்ட வேண்டும். அந்தப் பாடிக்காட்டல்தான் பாடம்.

இதைச் சொந்தக் கையால் அறிந்தவன் நான். ஒன்பது வயதில் வயலின் வகுப்பில் ஜண்டை வரிசை தப்பினால் வாத்தியாரின் வில்லின் கட்டை இடது கை விரல்களில் இறங்கும். தப்பு குறைந்தது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. அடுத்த அடிக்குத் தயாராக என் கட்டைவிரல் வயலின் கழுத்தை நெரித்துப் பிடிக்கப் பழகிவிட்டது. சரளி, ஜண்டை, அலங்காரம் வரைக்கும் அது தெரியவில்லை. தோடிக்கு வந்தபோது காந்தாரம் அசைய மறுத்தது. அந்த அசைவுக்குக் கை தளர்ந்திருக்க வேண்டும். அடிபட்ட கைக்குத் தளரத் தெரியவில்லை. பிறகு வந்த ஆசிரியர் அவரைவிடக் கறாரானவர். அந்த ஒரு பிடியை நாற்பது தடவை வாசிக்கச் சொல்வார். நாற்பதாவது சரியில்லை என்றால் மறுநாளும் அதுதான் பாடம். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. கட்டைவிரலை நெகிழவைக்கவே அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அடியின் புகழ் எப்படி வளர்கிறது என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சான்று. 2014இல் வந்த 'விப்லாஷ்' என்ற அமெரிக்கப் படத்தில், மாணவர்களை வதைக்கும் ஆசிரியர் தன் முறைக்கு ஆதாரமாக சாக்சபோன் மேதை சார்லி பார்க்கரைக் காட்டுகிறார்: டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் பார்க்கரின் தலையைக் குறிவைத்துச் சிம்பலை எறிந்தார், அதனால்தான் மேதை பிறந்தார் என்று. 1936இல் கான்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் நடந்தது வேறு. சிம்பல் விழுந்தது தரையில். அவமானம் உண்மைதான். ஆனால் பார்க்கர் தேறியது அடுத்த ஆண்டு கோடையில். ஓசார்க் மலைப்பக்கம் ஒரு குழுவோடு தங்கி, லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடம் செய்தபோது. கதை சிம்பலை வைத்துக்கொண்டு அந்தக் கோடையை விட்டுவிட்டது. நம் குருகுலக் கதைகளிலும் இதுதான் நடக்கிறது. அடி ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய சம்பவம். பத்து வருஷச் சாதகத்தைச் சம்பவமாகச் சொல்ல முடியாது. அடிபட்டு ஓடிப்போய் வாத்தியத்தையே மறந்தவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதும் இல்லை.

பாபாவின் அடி ஒரு போதனா முறை என்றால், அது ஏன் ஒருவர்மேல் மட்டும் விழவே இல்லை? அவர் முன்கோபி, மைஹர் மகாராஜா மேலேயே சுத்தியலை வீசினார் என்று ஒரு கதை உண்டு. முறையாக அல்ல, குணமாகவே இருந்த கோபம் அது. ஆனால் அடக்க முடியாத கோபமும் அல்ல. 1930களின் நடுவில் பம்பாய் துறைமுகத்தில் உதய் சங்கரின் குழுவோடு பாபாவும் கப்பல் ஏறும் நேரத்தில், ரவி சங்கரின் தாய் ஹேமாங்கினி மகனின் கையைப் பிடித்து பாபாவின் கையில் வைத்தார், உங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதன் பிறகு அந்தத் தாய் அதிக நாள் உயிரோடு இல்லை. வளையல் சண்டையன்று மனம் உடைந்து நின்ற ரவி சங்கரிடம் பாபா சொன்னது இந்தக் கதையைத்தான். ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கு, அந்தக் கையைக் கடைசிவரை கட்டி வைத்திருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. சங்கீதத்துக்குக் கண்டிப்பு வேண்டும், அதில் தள்ளுபடி கூடாது. தப்பான ஸ்வரத்தை அன்பின் பேரால் விட்டுவிடுவதும் துரோகம்தான். அடிக்கு வித்தையில் பங்கில்லை. அடித்த மகான்களின் மேதைமையை வணங்குவோம், அந்தக் கை ஓங்கியதை மட்டும் அவர்களோடு விட்டுவிடுவோம். அலி அக்பர் கானே 1967இல் கலிபோர்னியாவில் கல்லூரி தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பாவின் பாடத்தைக் கொடுத்தார். கடல் கடந்தது பாடம்தான், பிரம்பு அல்ல.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனையைத் தடுக்கிறது. வீட்டுக்கூடத்தில் பாய் விரித்து நடக்கும் பாட்டு வகுப்பில் அந்தச் சட்டத்தின் பார்வை விழுவதில்லை. அங்கே குழந்தைக்குக் காவல், அந்த ஹேமாங்கினி கேட்ட வாக்கு ஒன்றுதான். விஜயதசமி அன்று வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணையோடு பிள்ளையைக் கூட்டிவரும் ஒவ்வொரு தாயும் அதே வாக்கைக் கேட்டுத்தான் நிற்கிறாள். அவள் வாய்விட்டுக் கேட்பதில்லை. தட்டை வாங்கிக்கொள்ளும் குரு, கேட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.