முதல்நூலும் வழிநூலும்: யுரேன்ஷியா நூல் மொழி கடந்த வகை

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1955-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு பெருநூல் வெளிவந்தது. 'யுரேன்ஷியா நூல்' என்பது அதன் பெயர். முன்னுரை நீங்கலாக 196 கட்டுரைகளும் 2,097 பக்கங்களும் கொண்ட அந்நூலில், ஆசிரியர் என மாந்தர் எவர் பெயரும் பொறிக்கப்பெறவில்லை. விண்ணுலக உயிர்கள் பல, ஒவ்வொரு கட்டுரையையும் தத்தம் பொறுப்பில் இயற்றின என்று நூலே கூறுகின்றது. மருத்துவர் வில்லியம் சாட்லர் என்பாரின் சிகாகோ இல்லத்தில் 1920-கள் தொட்டுக் கூடிவந்த குழுவினரிடையே அது உருப்பெற்றது. அதன் சமயக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் இக்கட்டுரையின் பணியல்ல. அதனைப் போற்றிப் பயில்வோர் பிறமொழியாளரிடத்துக் கொண்டு சென்ற முறையை இலக்கிய நோக்கில் ஆராய்வதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இவ்வன்பர்க்குக் கோயிலும் இல்லை, குருமாரும் இலர். ஒருவர் வீட்டில் சிலர் கூடி, ஒரு கட்டுரையை முறைவைத்து வாய்விட்டுப் படித்துப் பின்னர்ப் பொருள் பேசுதலே அவர்தம் வழக்கம். ஆதலின், பிறநாட்டில் ஒரு குழு தோன்ற வேண்டுமாயின் முதற்கண் அந்நாட்டு மொழியில் நூல் வேண்டும். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1961-ஆம் ஆண்டிலேயே அச்சேறத் தொடங்கியது. பின்னிசு மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் 1993-இலும், ருசிய மொழியில் 1997-இலும், கொரிய மொழியில் 2000-இலும் நூல் வந்தது. முதல் மொழிபெயர்ப்பிற்கும் அடுத்தவற்றிற்கும் இடையே முப்பது ஆண்டிற்கு மேற்பட்ட இடைவெளி இருத்தல் கருதத்தக்கது. நூலின் பாடம் ஓரெழுத்தும் திரியாவண்ணம் காத்தலைத் தலையாய கடமையாகக் கொண்ட அறநிறுவனம் ஒன்று 1950-இலேயே அமைக்கப்பெற்றிருந்தது. காத்தலும் பரப்புதலும் ஒரு கையால் செய்யப்படும்போது, காத்தலே முந்துதல் இயல்பு.

தொல்காப்பியர் நூலை முதல்நூல் எனவும் வழிநூல் எனவும் வகுத்தார். வினையின் நீங்கிய அறிவினன் கண்டது முதல்நூல். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்னும் நான்கும் வழிநூலின் வகைகள். யுரேன்ஷியா நூலை அன்பர் முதல்நூலாகவே கொள்வர். ஆயின் நூலின் முன்னுரையோ, மாந்தர் முன்னரே கண்ட ஆயிரத்திற்கு மேற்பட்ட கருத்துகளைத் தெரிந்தெடுத்து ஆண்டதாகத் தானே ஒப்புகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த ஆங்கில நூல்கள் பலவற்றின் பகுதிகளோடு இதன் பகுதிகள் ஒத்துச் செல்வதைப் பிற்காலத்தில் அன்பருள்ளேயே ஒருவர் தேடித் தொகுத்துக் காட்டினார். அவ்வழி நோக்கின், ஆங்கில நூலே ஒரு தொகை. அதன் பிரெஞ்சு வடிவம் வழிநூலின் வழிநூல். இது குறையன்று. குறை எனக் கொண்டால் நம் இலக்கியத்திற் பாதியைக் கைவிட நேரும். ஆனால் எழுத்துத் திரியாது காக்கவேண்டும் என்னும் வாதத்தின் வலிமை இதனாற் பெரிதும் தளர்கின்றது.

சொல்லாட்சிக்கு வருவோம். ஆங்கிலச் சொல் இல்லாத இடத்தன்றிப் புதுச்சொல் படைத்தல் கூடாது எனத் தமக்குப் பணிக்கப்பட்டதாக முன்னுரையார் கூறுகின்றனர். அவ்வாறு படைத்த சொற்களுள் ஒன்று 'மொரான்ஷியா'. பருப்பொருளுக்கும் ஆவிக்கும் இடைப்பட்ட நிலையை அது குறிக்கும். இத்தகைய சொற்கள் மொழிபெயர்ப்பாளனுக்கு இடர் செய்வதில்லை, ஒலிபெயர்த்து அமைதியுறலாம். இடர் செய்வன எளிய சொற்களே. மாந்தர் உள்ளத்துள் உறையும் இறைக்கூற்றினை இந்நூல் 'எண்ணத்தைச் சரிசெய்வோன்' என்று பொருள்படும் இரு சொற்களாற் சுட்டுகின்றது. சரிசெய்வோன் என்பதற்குரிய ஆங்கிலச் சொல், காப்புறுதிக் குழுமத்திற்காக இழப்பை மதிப்பிட வருபவனுக்கும் பெயராக வழங்குகின்றது. பிரெஞ்சில் ஆண்ட 'அழுஸ்தர்' என்னும் சொல்லோ, பட்டறையில் இரும்புறுப்புகளைப் பொருத்தும் தொழிலாளியை நினைவூட்டும். இறைக்கூறு ஒரு மொழியில் மதிப்பீட்டாளனாகவும் மற்றொன்றில் பொருத்துநனாகவும் நிற்கின்றது! கிறித்தவ மறையைத் தமிழாக்கியோர் சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனக் கடவுட்பெயரையே மாற்றி மாற்றி அமைத்த வரலாற்றை அறிந்த நமக்கு இது வியப்பன்று. பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் 1994-இல் திருத்தமுற்றது.

உரிமை வழக்குகளை விரித்தல் வேண்டா. நூலின் ஆங்கிலப் பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்ட முறை செல்லாது என 2001-இல் ஓக்லகோமா நடுவர் குழு முடிவு கூறியது. மேல்முறையீட்டு மன்றம் 2003-இல் அதனை உறுதி செய்தது. அன்று முதல் ஆங்கிலப் பாடம் அமெரிக்காவில் யாவர்க்கும் பொது.

நம் கருத்தை ஈர்ப்பது பிறிதொன்று. 64-ஆம் கட்டுரை, தொல்பழங்காலத்து மாந்தரை ஆறு நிற இனங்களாகப் பகுத்து, அவருள் சிவப்பு நிறத்தாரை முன்னேற்றத்தில் முதல்வராகவும், ஆப்பிரிக்காவிற் குடியேறிய கருநிறத்தாரைக் கடையராகவும் வைக்கின்றது. தகுதி குறைந்தோர் மகப்பேற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் கருத்தும் நூலிற் பலவிடத்து உண்டு. 1920, 1930-களின் அமெரிக்காவில் கற்றோரிடையே பரவியிருந்த இனமேம்பாட்டுக் கொள்கையின் சாயல் இது என்பது வரலாறு அறிந்தார்க்கு வெளிப்படை. சிகாகோ வாசகர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடலாம். ஆப்பிரிக்க வாசகரோ தம் இல்லத்தில், தம் மக்கள் நடுவே, இதனை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். எல்லா மாந்தரும் ஒரு தந்தையின் மக்கள் எனப் பிற பகுதிகளில் உருக்கத்தோடு உரைக்கும் நூல் இதுவேயாதலின், முரண் மேலும் உறுத்துகின்றது.

மொழிபெயர்ப்பாளன் யாது செய்வான்? சொல்லை மென்மையாக்கினால் நூற்குப் பொய் செய்தவனாவான். உள்ளவாறே பெயர்த்து வாளாவிருந்தால் வாசகனுக்குத் தீங்கு செய்தவனாவான். நம் உரையாசிரியர் மரபு இவ்விடத்து வழிகாட்டத்தக்கது. நச்சினார்க்கினியர் தொல்காப்பிய நூற்பாவைக் காத்து நின்றே, இளம்பூரணர் கொண்ட பொருளை மறுத்து எழுதினார். பாடத்தைக் காத்தலும் கருத்தோடு மாறுபடுதலும் ஒரே ஏட்டில் நிகழ்ந்தன. யுரேன்ஷியா அன்பரின் வீட்டுக் கூட்டங்களில் அத்தகைய உரை வாய்மொழியாக நிகழாமல் இராது. அது நூலின் பக்கத்தில் ஏறுதல் வேண்டும். இப்பகுதி எக்காலத்து எந்நாட்டு அறிவை அடியொற்றியது என்று 64-ஆம் கட்டுரையின் கீழ் நான்கு வரி எழுதப்பெறின் பாடம் சிறிதும் குன்றாது. எழுதப்பெறாதவரை, அயல்நாட்டு இல்லத்தில் முதன்முறை அந்நூலைக் கையிலேந்தும் புதியவர், அவ்வரிகளைத் தனித்தே எதிர்கொள்ள வேண்டியவராகின்றார்.