குடியும் குடியுரிமையும்: தோட்டப்புறச் சிறுகதைகளில் ஒரு விடுபாடு

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளுள் தோட்டப்புற வாழ்வைப் பொருளாகக் கொண்டவை மிகப் பல. குடித்து வீழும் கணவன், அழுது தேயும் மனைவி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளை ஆகிய மூவரும் அவற்றில் மீண்டும் மீண்டும் வருவர். குடி குடியைக் கெடுக்கும் என்னும் நீதியோடு கதை முடியும். வகுப்பறையில் நாமும் அந்நீதியையே கரும்பலகையில் எழுதுகிறோம். அது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. அவன் ஏன் குடித்தான் என்பதைக் கதையும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

தோட்டத்துக் கள்ளுக்கடை தொழிலாளி திறந்ததன்று. அரசின் அனுமதியோடு தோட்ட எல்லைக்குள்ளேயே அது நடந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடுமாறு அவர்களே கேட்டனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பதும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டிய கட்டாயம் ஒழியவேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் அடங்கும். கூலியும் குடியும் மானமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பின்வந்த கதைகள் பல, குடியை மட்டும் தனியே பிரித்தெடுத்துக்கொண்டன.

பேராக் மாநிலத்தை நோக்குவோமாயின் இது மேலும் தெளிவாகும். 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேரப் பறித்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கு அந்த அச்சமே காரணம். பின்னர் 1969-இல், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. பல்லாண்டுகள் பால்மரம் சீவியவர்கள் சிவப்பு அடையாள அட்டையின் காரணமாக அயலாராயினர். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினர் என்பர். எஞ்சியவர்க்கோ, நாளை இங்கே நமக்கு இடமுண்டா என்னும் ஐயம் அன்றாடச் சுமையாயிற்று.

இத்தகைய சுமை உடலையும் தேய்க்கும் என்பதை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. அமெரிக்கக் கறுப்பின மக்களை ஆராய்ந்த ஆர்லின் ஜெரோனிமஸ், இழிவும் நிலையின்மையும் ஓயாது தாக்குவதால் அவர்தம் உடல் வயதுக்கு முன்பே தளர்கிறது என்னும் கருத்தை 1992-இல் முன்வைத்தார். காற்றும் மழையும் பாறையை அரிப்பதை ஒத்தது இது. நம் கதைகளில் நாற்பது வயதில் கிழவனாகிவிடும் தொழிலாளியை இக்கண் கொண்டு பார்த்தல் வேண்டும்.

நம் எழுத்தாளர்க்குக் காரணம் காணும் ஆற்றல் இல்லை என்பதற்கில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) நாவலைப் படிப்போர் எவரும், மாண்டவர்களைக் குறை கூறார். அங்கே கொடுமை சப்பானியப் படையின் உருவில் கண்ணெதிரே நிற்கிறது. கொடுமை ஓசையின்றி, தாளாகவும் அட்டையாகவும் வரும்போதுதான் பல கதைகள் தடுமாறுகின்றன. பழியைத் தனிமனிதன் தலையில் சுமத்திவிடுகின்றன.

காரணம் காட்டுவது குடிகாரனுக்குப் பரிந்து பேசுவதாகாதா எனச் சிலர் வினவலாம். ஆகாது. வெளியே தாழ்த்தப்பட்டவன் வீட்டில் அடித்தால், அடிபட்டவள் இரு சுமைகளைத் தாங்குகிறாள். அவள் கண்ணீருக்கு அவனும் பொறுப்பு. அவனை அந்நிலைக்குத் தள்ளிய சூழலும் பொறுப்பு. இரண்டையும் காட்டும் கதையே அவளுக்கு நீதி செய்யும்.

இன்று பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் தோட்டம் மறைந்த பின்னும் நிற்கின்றன. ஈப்போவிலும் புந்தோங்கிலும் நம்முன் அமரும் மாணாக்கருள் பலர் அத்தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகள். வெறும் நீதியை மட்டும் கற்பித்தால், அவர்கள் தம் பாட்டனைக் குறித்து நாணவே கற்பர். எனவே கதையை முடித்ததும் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: அவன் பெற்ற கூலி என்ன? அவன் கையிலிருந்த அட்டை எந்நிறம்? அக்கடையை அங்கே வைத்தவர் யார்? இவற்றுக்கு விடை தேடும் மாணாக்கன் கதையையும் அறிவான். தன்னையும் தாழ்வாக எண்ணான்.