கூட்டுக் களைக்கொல்லியின் கணக்கு

அமெரிக்க வீடுகளின் முன்னே பரந்து கிடக்கும் புல்தரைகளைப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே உயரம், ஒரே நிறம். பெயருக்குக்கூட ஒரு காட்டுப்பூ இராது. இந்த ஒழுங்கு தானாக வந்ததன்று. 2,4-டி, மீகோபிராப், டைகாம்பா என்னும் மூன்று களைக்கொல்லிகளை ஒரே புட்டியில் கலந்து விற்பது அங்கே பல பத்தாண்டுகளாக வழக்கம். மருந்துகளைச் சேர்த்தால் ஆற்றல் பன்மடங்காகும் என்ற எண்ணம் வாங்குவோர் பலரிடம் ஊறிப் போயிருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி?

1967-ல் கோல்பி என்ற ஆய்வாளர் இதற்கோர் எளிய கணக்கைத் தந்தார். ஒரு மருந்து தனியே 100 களைகளில் 60-ஐக் கொல்கிறது. மற்றொன்று தனியே 50-ஐக் கொல்கிறது என்று கொள்வோம். இரண்டையும் சேர்த்துத் தெளித்தால் எத்தனை சாக வேண்டும்? முதல் மருந்துக்குத் தப்பியவை 40. அவற்றில் பாதியை, அஃதாவது 20-ஐ, இரண்டாவது மருந்து கொல்லும். ஆக 80. இது வெறும் கூட்டு விளைவுதான். 80-க்கு மேல் செத்தால்தான் ஒன்றுக்கொன்று துணை செய்தன எனலாம். குறைந்தால் ஒன்றையொன்று தடுத்தன என்று பொருள். 80 செத்ததைக் காட்டிப் பன்மடங்கு என்று பேசுவது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

தடுப்பதும் உண்டு. புல்தரைகளில் தொல்லை தரும் 'கிராப் கிராஸ்' என்னும் புல்லைக் கொல்ல ஃபினாக்சாபிராப் என்ற மருந்து இருக்கிறது. அதனுடன் 2,4-டி-யைக் கலந்தால் அதன் வலிமை குன்றிவிடுகிறது. ஒரே தெளிப்பில் இரு வேலையையும் முடிக்க நினைப்பவர் ஏமாறுகிறார்.

மூவர் கூட்டுக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. 1940-களின் நடுவில் விற்பனைக்கு வந்த 2,4-டி, டான்டிலையன் போன்ற அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லை விட்டுவிடும். ஆனால் வெண்குளோவர் அதற்கு எளிதில் மசியாது. இலை கருகினாலும் மீண்டும் துளிர்க்கும். மற்ற இரண்டும் அந்தக் குறையை நிரப்புகின்றன. ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கிறது.

இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. குளோவர் யார்? நம் அவரை, துவரையின் குடும்பம். வேர் முண்டுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருவது. முன்பு புல்தரை விதைக் கலவையில் அதையும் சேர்த்தே விற்றார்கள்! களைக்கொல்லிகள் வந்தபின் அது களைப் பட்டியலில் ஏறியது. அது இலவசமாகத் தந்த நைட்ரஜனை மூட்டையில் வாங்க வேண்டியதாயிற்று. களை என்பது தாவரவியல் பெயரன்று. நம் அருகம்புல்லையே பாருங்கள்: அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதுவே புல்தரை; வடக்கே நீலப்புல் தரையில் தலைகாட்டினால் களை!

களைகள் மருந்துக்குப் பழகிவிடாமல் தடுக்கவே கலக்கிறோம் என்பார் உண்டு. வெவ்வேறு வழியில் கொல்லும் மருந்துகளைக் கலந்தால் அந்த வாதம் ஓரளவு நிற்கும். இம்மூன்றுமோ ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்துச் செடியைத் தாறுமாறாக வளரச் செய்து கொல்பவை. பெயர் மூன்று, வழி ஒன்றே.

அந்த வழி புல்தரையோடு நிற்பதுமில்லை. டைகாம்பா மண்ணில் எளிதில் நகரும். அருகிலுள்ள மரங்களின் வேர்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். இதே ஆக்சின் வகையைச் சேர்ந்த இம்பிரெலிஸ் என்ற புல்தரை மருந்து நார்வே ஸ்புரூஸ், வெண் பைன் மரங்களைப் பட்டுப்போகச் செய்ததால், 2011-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது.

கலவைகளிலெல்லாம் மோசமானது உரத்தோடு களைக்கொல்லியைக் கலந்து விற்பதுதான். உரம் தரை முழுதும் வேண்டும். களையோ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இரண்டையும் ஒரே குருணையில் வைத்தால், பத்துக் களைக்காகத் தரை முழுதும் நஞ்சு விழுகிறது. கனடா அரசு இந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது; புல்தரைக்கான அத்தகைய கலவைகளுக்கு 2012-ஆம் ஆண்டின் இறுதியோடு அங்கே அனுமதி முடிந்தது. களை இருக்கும் இடத்தில் மட்டும் தெளிப்பதையோ, கையால் பிடுங்குவதையோ அந்த முடிவு தடுக்கவில்லை.