தேங்காயெண்ணெயும் தொலைக்காட்சிச் சோதனையும்: நாஞ்சில் நாட்டு நோக்கில் ஒரு மதிப்பீடு

தமிழ்த் தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சிகள் பெரும்பாலும் உணவு பற்றிய கூற்றுகளை எடுத்துரைக்கின்றன, சோதிப்பதில்லை. ‘நீயா நானா’ போன்ற விவாத மேடையிலும் வெற்றியைத் தீர்மானிப்பது பேச்சுத்திறனே. பிபிசியின் ‘டிரஸ்ட் மீ, ஐ ஆம் எ டாக்டர்’ நிகழ்ச்சி வேறு வழியை மேற்கொண்டது. அது 2017இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, 50 முதல் 75 வயது வரையிலான 94 பேரை மூன்று குழுக்களாக்கி, தேங்காயெண்ணெய், ஆலிவ் எண்ணெய், வெண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றை நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் நான்கு வாரம் உண்ணச் செய்தது. வெண்ணெய்க் குழுவில் கெட்ட கொழுப்பு உயர்ந்தது. தேங்காயெண்ணெய்க் குழு அவ்வகையில் ஆலிவ் குழுவிலிருந்து வேறுபடவில்லை; நல்ல கொழுப்போ அதில் கூடியது. முடிவுகள் 2018இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் வெளியாயின.

தென்னந்தோப்புகள் நிறைந்த குமரி மாவட்டத்தார்க்கு இச்செய்தி இனிக்கவே செய்யும். (இக்கட்டுரையாளரும் விலக்கல்லர்.) ஆயினும் அங்குச் சோதிக்கப்பட்டது எக்ஸ்ட்ரா வெர்ஜின் வகை; நாஞ்சில் நாட்டுச் சமையலில் பெருவழக்காக உள்ளதோ கொப்பரையை ஆட்டியெடுக்கும் எண்ணெய். தாம் உண்பது எதுவெனப் பங்கேற்றோர் அறிந்திருந்தனர். காலமும் நான்கே வாரம்; அளக்கப்பட்டது இரத்தக் கொழுப்பேயன்றி மாரடைப்பன்று. எனவே அம்முடிவை அவியலுக்கும் தீயலுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது. கொப்பரை எண்ணெயை, வீடுகளில் வழக்கமாகச் சேர்க்கும் அளவிலேயே, நாகர்கோவிலில் ஒரு தமிழ் அலைவரிசை இம்முறையில் சோதித்துக் காட்டலாம்.