குரு சிம்மத்தில் நிற்கும் இரவு: காவிரிப் படுகையில் வானியல் பரப்பும் பணி

கும்பகோணத்து மகாமகம் வானத்தைப் பார்த்து நாள் குறிக்கப்படும் திருவிழா. சூரியன் கும்ப ராசியில் இருக்கும் மாசி மாதம். நிறைநிலா மக நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் நாள். அந்த ஆண்டில் குரு, அதாவது வியாழன், சிம்ம ராசியில் இருக்க வேண்டும். மூன்றும் கூடினால் மகாமகம். 2004 மார்ச் 6 அன்றும் 2016 பிப்ரவரி 22 அன்றும் அப்படிக் கூடின. இனி 2028இல் கூடும்.

இந்த விதிக்குள் ஓர் அழகான வானியல் உண்மை இருக்கிறது. கும்பமும் சிம்மமும் நேரெதிர் ராசிகள். சூரியன் ஒன்றிலும் வியாழன் மற்றொன்றிலும் இருந்தால் பூமி ஏறக்குறைய நடுவில் நிற்கிறது என்று பொருள். அந்த நாள்களில் வியாழன் அந்தி சாயும் வேளையை ஒட்டிக் கிழக்கே எழுந்து விடியும்வரை வானில் இருக்கும். நமக்கு மிக அருகிலும் மிகுந்த ஒளியோடும் இருக்கும். 2004இல் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்தது மார்ச் 4 அன்று, மகாமகத்துக்கு இரண்டே நாள் முன்பு. 2016இல் அது மார்ச் 8, மகாமகம் முடிந்து இரண்டு வாரம் கழித்து. நீராட வந்த லட்சக்கணக்கான மக்களின் தலைக்குமேல் இரவு முழுவதும் ஒளிர்ந்த அந்தக் கோளின் நான்கு நிலவுகளைப் பார்க்க ஒரு சிறிய தொலைநோக்கி போதும். கலிலியோ 1610 ஜனவரியில் கண்ட அதே நான்கு நிலவுகள்.

காவிரிப் படுகையில் வானியலை மக்களிடம் கொண்டு செல்ல நினைக்கும் இளம் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. இந்தக் கட்டுரை அந்தப் பணியின் வேர்களையும் இன்றைய நிலையையும் பார்க்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் வானத்தைக் காட்டுவதும் மூடநம்பிக்கையைக் கேள்வி கேட்பதும் ஒரே பணியின் இரண்டு பகுதிகள். காட்டுவது முதலில் வர வேண்டும். அந்தப் பணியை இளையவர்களின் ஓய்வு நேரத்துக்கும் சொந்தச் செலவுக்கும் விட்டுவிடுவது தவறு.

கோள்களின் பெயர் சொல்லும் ஊர்கள்

கும்பகோணத்தைச் சுற்றி ஒன்பது கோள்களுக்கும் தலங்கள் இருக்கின்றன. சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடிக்கும், சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாற்றுக்கும் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. குரு ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஓராண்டு, சனிக்கு இரண்டரை ஆண்டு என்பது இந்தப் பகுதியில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். பன்னிரண்டு ராசிகளால் பெருக்கினால் அவை சூரியனைச் சுற்றிவரும் காலம் கிடைக்கும்: வியாழனுக்குச் சுமார் 12 ஆண்டு, சனிக்குச் சுமார் 30 ஆண்டு. துல்லியமாகச் சொன்னால் 11.86, 29.46. வேறு ஊரில் ஒரு வகுப்பு முழுக்க விளக்க வேண்டியதை இங்கே கேட்பவரே சொல்லிவிடுவார்.

அந்த 11.86க்கும் 12க்கும் உள்ள சிறு இடைவெளியும் நல்ல பாடம். அது சேர்ந்துகொண்டே போய் ஏறக்குறைய ஏழு சுற்றுகளில் ஓராண்டாகிவிடும். வியாழனை வைத்து நாள் குறிக்கும் ஹரித்துவாரின் கும்பமேளா 2010க்குப் பிறகு 2022இல் வராமல் 2021இலேயே வந்தது இதனால்தான்.

பஞ்சாங்கங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையான பாடம். திருக்கணிதப்படி சனி மீன ராசிக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் அங்கே பெயர்ச்சி விழா 2026 மார்ச்சில்தான் என்று அறிவிக்கப்பட்டது. ஒரே கோள், ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு. வாக்கிய முறை பழைய காலத்து எண்களை மாற்றாமல் வைத்திருக்கிறது. திருக்கணிதம் கண்ணால் கண்ட நிலையோடு கணக்கை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. கணக்கு வானத்தோடு பொருந்தாவிட்டால் எதைத் திருத்துவது என்ற கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது. அந்தக் கேள்வி நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே இருக்கிறது.

முன்னோடிகள்

ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதா' நூலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு, அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்த முறை வாரனை வியக்க வைத்தது. அறிவியல் வரலாற்றாளர் ஓட்டோ நாய்கெபவர் 1952இல் இதைத் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஆராய்ந்து எழுதினார். பழைய கணிதரின் திறமையைப் பாராட்டுவதும், அவருடைய கணக்கு எங்கே விலகுகிறது என்று அளப்பதும் ஒன்றுக்கொன்று பகையாகாது என்பதற்கு இந்த இருவரும் சான்று.

வாரன் கண்ட கணிதருக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். 1874இல் சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்து சென்ற நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கி ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். பார்த்துச் சரிபார்த்த கணக்கில் பஞ்சாங்கமும் போட்டார். தொழிலால் வானியலாளர், மக்கள் மொழியில் விளக்குபவர், வழக்கத்தைக் கேள்வி கேட்டுத் திருத்த முயன்றவர் என்ற மூன்று பணிகளையும் ஒரே மனிதர் தாங்கினார். இன்று ஓர் இளம் ஆய்வாளர் தொலைநோக்கியோடு கிராமத்துப் பள்ளிக்குப் போனால் அவர் நடப்பது ரகுநாதாசாரி போட்ட பாதையில்தான்.

இயக்கமாக மாறிய பணி

1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தன்று நாட்டின் பல நகரங்களில் மக்களின் அச்சத்தால் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அதே 1980இல்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. சிறுவர்களுக்கான 'துளிர்' இதழும், ஊர் ஊராகச் சென்ற அறிவியல் கலைப் பயணமும் அந்தப் பத்தாண்டின் விளைச்சல். ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் இதைத் தாங்கினார்கள். ஆராய்ச்சி நிறுவனங்களின் விஞ்ஞானிகள் துணை நின்றார்கள். 2004, 2012 ஆண்டுகளில் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தபோது பாதுகாப்பான கண்ணாடிகளோடு மக்களைத் திரட்ட ஆட்கள் இருந்தார்கள்.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம் கோவை, கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாகச் சென்று யாழ்ப்பாணத்தையும் தொட்டது. கும்பகோணத்தில் வளையம் தெரியவில்லை. ஆனால் ஒன்பதரை மணிவாக்கில் சூரியனின் பெரும்பகுதி மறைந்திருந்தது. தமிழ்நாட்டுப் பள்ளித் திடல்களில் அன்று பிள்ளைகள் வரிசையில் நின்று சூரியனைப் பார்த்தார்கள். அதே காலையில் கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்த செய்தியும் வந்தது. புதைத்தால் குணமாகும் என்று பெற்றோர் நம்பினார்கள். வானியலைப் பரப்புவது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐயப்படுவோர் மரபு

கேள்வி கேட்கும் மரபும் தமிழர் வாழும் பகுதிகளில் ஆழமாக வேரூன்றியது. தமிழ்நாட்டில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் அதை அரசியலாக்கியது. 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சிகளில் தீ விழுங்குவதும் அலகு குத்துவதும் எப்படி என்று மேடையிலேயே செய்து காட்டினார்கள். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தார், யாரும் வெல்லவில்லை. அவரைப் பின்பற்றிய பசவ பிரேமானந்த் கோவையை அடுத்த போத்தனூரில் இருந்துகொண்டு 'இந்தியன் ஸ்கெப்டிக்' இதழை நடத்தினார்.

வானியலாளர் ஒருவரே இந்தக் களத்தில் இறங்கியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு புனேயில் இருக்கிறது. ஜயந்த் நார்லிகர், நரேந்திர தாபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்போடு சேர்ந்து சோதிடத்தைச் சோதித்தார். படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என 200 பேரின் ஜாதகங்கள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்கள். எது எந்த வகை என்று சொல்ல வேண்டும். 27 சோதிடர்கள் பதில் அனுப்பினார்கள். சராசரி 46 விழுக்காடு சரி. நாணயம் சுண்டினால் 50 கிடைக்கும். முடிவு 2009இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. இதில் ஒருவரையும் திட்டவில்லை. விதிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டு எண்ணினார்கள். தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளை மக்கள் அறிவியல் அமைப்புகள் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

நம் படுகைக்குச் சோதிக்க வேண்டிய சொந்தக் கதை ஒன்று உண்டு. திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுபோகின்றன, நாசாவே வியந்தது என்ற கதை. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் போகிறது. மூன்று விநாடி நின்றால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 22 கிலோமீட்டர் பின்தங்கும். வேகம் போய்விட்டால் சுற்றுப்பாதையே இல்லை, கீழே விழும். அப்படி ஏதும் நடப்பதில்லை, நாசா அப்படிச் சொன்னதும் இல்லை. தேவாரம் பெற்ற தலத்தின் பெருமைக்கு இந்தப் பொய் தேவையும் இல்லை. பக்தரிடம் இதை இப்படிச் சொன்னால் அவர் காது கொடுப்பார். பக்தியைக் கேலி செய்துவிட்டுச் சொன்னால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கேட்கமாட்டார்.

கிரகண நாளில் மட்டும்தான் தாம்பாளத்து நீரில் உலக்கை நிமிர்ந்து நிற்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். அடிப்பாகம் தட்டையான உலக்கையைக் கிரகணம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளே நிறுத்திப் பார்க்கட்டும். அது நிற்கும். அதன்பிறகு ஆசிரியர் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

இளம் ஆய்வாளரின் நிலை

இந்தப் பணியைச் செய்யும் வானியலாளர் யார்? பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர், அல்லது பட்டம் முடித்து இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறிக்கொண்டிருப்பவர். இளநிலை ஆய்வாளரின் உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாய் என்று 2023 முதல் உயர்த்தினார்கள். அது மாதாமாதம் வந்துசேர்வதில்லை என்பது ஆய்வு மாணவர்களின் நீண்டநாள் குறை. நிரந்தர வேலைக்கான நேர்காணலில் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். எத்தனை ஊர்களில் சனியின் வளையத்தைக் காட்டினார் என்று யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை இரவு தொலைநோக்கியைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனவர், அந்த இரவைத் தன் தொழிலிலிருந்து கடன் வாங்குகிறார்.

விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக்கான ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள் 2022இல் வந்தன. ஆண்டுக்குக் குறைந்தது பத்து நாள் உழைப்பைச் சமூகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கின்றன. நல்ல நெறி. ஆனால் பணிநியமனமும் பதவி உயர்வும் அந்தப் பத்து நாளை எண்ணாவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

களத்தின் சிக்கல்கள் வேறு வகை. ஐப்பசியும் கார்த்திகையும் மேகம். தை முதல் பங்குனிவரைதான் வானம் தெளிவு. அது பொதுத்தேர்வுக் காலம். இருட்டிய பின் நடக்கும் நிகழ்ச்சிக்கு வெளியூர்ப் பெண்பிள்ளைகள் நிற்க முடிவதில்லை; கடைசிப் பேருந்து போய்விடும். இதற்கும் வழி உண்டு. பட்டப்பகலில் செய்யக்கூடிய வானியல் நிறைய இருக்கிறது. வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகள், மாலை நான்கு மணிக்கு வளர்பிறை நிலா, நிழலில்லா நாள். கும்பகோணம் ஏறக்குறைய 11 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 18, 19ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் பகல் பன்னிரண்டேகால் மணிவாக்கில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் விழாது. இந்திய வானியல் கழகத்தின் பொதுமக்கள் தொடர்புக் குழு இந்த நாளை நாடெங்கும் பரப்பி வருகிறது. அதே பகலில் சென்னைப் பள்ளி ஒன்றும் தன் நிழலை அளந்து சொன்னால் இரண்டு பள்ளிகளும் சேர்ந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிடலாம். செலவு ஒரு கோலும் ஒரு தொலைபேசி அழைப்பும்.

2028க்குள் செய்ய வேண்டியவை

ராமானுஜன் படித்த ஊர் இது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். வானியல் நிகழ்ச்சி பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊர்ப் பிள்ளை திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கோ சென்னை பிர்லா கோளரங்கத்துக்கோ போக வேண்டும்.

அடுத்த மகாமகத்துக்குச் சாலை, குடிநீர், கழிப்பறை என்று அரசு திட்டமிடும். அந்தத் திட்டத்தில் மக்கள் நீராடும் மகாமகக் குளத்தைச் சுற்றிச் சில தொலைநோக்கிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். உள்ளூர்க் கல்லூரி மாணவர்களை இப்போதே பயிற்றுவிக்க வேண்டும். அவர்களோடு நிற்க வரும் இளம் வானியலாளர்களுக்குப் பயணப்படியும், அவர்களுடைய நிறுவனத்தில் அந்த நாள்களுக்குப் பணிக்கணக்கும் கொடுக்க வேண்டும். நீராடிவிட்டு வரும் ஒரு குடும்பம் குருவை வணங்கட்டும். அதே இரவில் அந்தக் குருவையும் அதைச் சுற்றும் நான்கு நிலவுகளையும் தன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். நகராட்சியும் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிறுவனங்களும் மனம் வைத்தால் இது முடியும். அதற்கான வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.