அலங்காரப் பதவியாம்!

கவர்னர் பதவி வெறும் அலங்காரம். அதனால் நாட்டுக்கு ஆக்கமும் இல்லை, அழிவும் இல்லை என்று பேசுவோர் இன்றும் உளர். அந்த வாதத்தைச் சேலத்துச் சீமையின் உரைகல்லிலே உரைத்துப் பார்ப்போம். பொன்னா, பித்தளையா என்பது புலப்பட்டுவிடும்.

1926-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையில் முதலிடம் பெற்ற சுயராஜ்யக் கட்சி, மந்திரிசபை அமைக்க மறுத்தது. கவர்னர் கோஷன் என்ன செய்தார்? திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார், கட்சி சாராத டாக்டர் சுப்பராயனை முதல் மந்திரியாக்கினார். தளபதி கிடைத்தார், படை? அதனையும் கவர்னரே தந்தார் — 34 நியமன உறுப்பினர்கள்!

அந்த ஆட்சியிலேதான், 1928-இல், முத்தையா முதலியாரின் வகுப்புரிமை ஆணை செயலுக்கு வந்தது. நன்றியோடு நினைக்கிறோம். ஆனால், நல்லது நடந்தது என்பதற்காக, அந்த நாற்காலி யாருடைய தயவிலே நின்றது என்பதை மறந்துவிடலாமா? தந்த கரம் பறித்திருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை எந்த வாக்காளனுக்கு இருந்தது?

"அது அந்நியன் ஆட்சி, குடியரசில் நடக்குமா?" என்பீர்கள். நடந்தது, தோழர்களே! வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல், 1952. மொத்த இடங்கள் 375. காங்கிரஸ் வென்றவை 152. பெரும்பான்மை இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா, சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழ்பெற்று அந்நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்தார். அவரையே மந்திரிசபை அமைக்கவும் அழைத்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தோருக்கென அரசியல் சட்டம் திறந்துவைத்த வாயில், முதலமைச்சர் நுழையும் வாயிலாயிற்று!

பின்னர் சட்டசபையின் நம்பிக்கையைப் பெற்றாரே என்பர். பெற்றார், மறுக்கவில்லை. ஆனால், அத்தேர்தலில் ஒரு வாக்காளன் வாசலிலும் நின்று வாக்குக் கேளாதவர், 1953-இல் கிராமப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நாள் பெற்றோர் தொழில் என்று திட்டம் தீட்டினார். குயவன் மகன் சக்கரத்துக்கும் நெசவாளி மகன் தறிக்கும் திரும்ப வேண்டும் என்பதே அதன் பொருள். நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் திட்டம் தொலைந்தது. அலங்காரப் பதவியின் ஒரு கையெழுத்து, ஏழைச் சிறுவனின் ஏட்டுச்சுவடி வரை எட்டியதைக் கண்டீரா?

சட்டசபை நிறைவேற்றிய 10 மசோதாக்களைத் தமிழகக் கவர்னர் கிடப்பில் போட்டதும், பின் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதும் தவறென்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 8-இல் தீர்ப்பளித்தது. நவம்பர் 20-இல், ஐவர் அமர்வு, நீதிமன்றம் கவர்னருக்குக் காலக்கெடு விதிக்க இயலாது என்றது. காரணமின்றி நீளும் தாமதத்தை ஓரளவு விசாரிக்கலாம் என்று மட்டும் இடம் வைத்தது.

ஆகவே, நல்ல கவர்னர் வருவாரா என்று காத்திருப்பது பேதைமை. யாரை அழைப்பது, எத்தனை நாளில் ஒப்பமிடுவது என்பனவற்றைச் சட்டமே எழுதிவைக்க வேண்டும். சுவரிலே தொங்குவதால் வாள் அணிகலனாகிவிடாது. எடுப்பவன் கையில் அது என்றும் வாள்தான்!